ஏவுதற் கருத்தா

மூன்றாம் நாள் விசாரணை.
மின்விசிறி சுற்றுக்கு ஒருதரம் விக்குகிறது.
சிங்களத்தைத் தமிழாக்க, தமிழைச் சிங்களமாக்க
எனக்கு நாட்கூலி. பஸ் காசு தனி.

ஓய்வுபெற்ற கொமடோர் எழுந்து நிற்கிறார்.
காதோரம் புதிய சவரக் காயம்.
"சித்த வுணா" என்கிறார்.
"நடந்தது" என்கிறேன்.
"கெடுணா" என்கிறார்.
"உடைந்தது" என்கிறேன்.
விலா எலும்பு உடைந்தது. கதவு பூட்டுப்பட்டது.
தண்ணீர் நின்றது.
அவருடைய வாக்கியங்களில் ஆளே இல்லை.
புயலடித்து ஓய்ந்த சீனக்குடாவில்போல
எல்லாம் தாமாகவே புரண்டு கிடக்கின்றன.

கைதிகள் என்றும் சொல்வதில்லை அவர்,
தங்கவைக்கப்பட்டவர்களாம்.
எங்கள் சட்டத்தரணி ஒருதரம் 'போர்க்கைதி' என்றதும்
ஆட்சேபனை எழுந்தது. ஏற்கப்பட்டது.
நடந்தது போரே இல்லையாம்.
அந்தச் சொல்லை இரண்டு மொழியிலும் வெட்டினேன்.

பள்ளிக்கூட இலக்கணம்
வேண்டாத நேரத்தில் வந்து முன்னால் குந்துகிறது:
இயற்றுதற் கருத்தா, கொத்தன் அணை கட்டினான்.
ஏவுதற் கருத்தா, அரசன் அணை கட்டினான்.
ஒரு கல்லும் தூக்கவில்லை அரசன்,
என்றாலும் அணை அவனுடையது.
மாற்றி எழுதினால் இரண்டு புள்ளி போகும்.

அணை என்றால் அரசன்.
விலா எலும்பு என்றால்
யாரோ ஒரு கொத்தன்,
அவனும் இடமாற்றலில் போய்விட்டான்.

பவளராணி கூண்டில் ஏறினா.
"என்ர பிள்ளையை அவைதான் வச்சிருந்தவை."
அவை என்றால் யார் என்று கேட்டார் நீதவான்.
கொமடோர் பக்கம் திரும்பவில்லை அவ.
யன்னலுக்கு வெளியே கையை நீட்டினா:
பாரந்தூக்கிகள், மா ஆலை,
நங்கூரமிட்ட சாம்பல் கப்பல்,
முழுத் துறைமுகமும்.
இதை எப்படிப் பெயர்ப்பது?
"சாட்சி கடலைச் சுட்டினார்" என்றேன்.
அப்படியே பதிந்தார்கள்.

பின்னேரம் ஒரு சமையற்காரன் வந்தான்.
நந்தசிறி, முன்னாள் கடற்படை.
பொலித்தீனில் சுற்றிய சாப்பாட்டுப் பதிவேடு,
ஓரம் கரப்பான் தின்றது.
கீழ்க் களஞ்சியம் என்று தலைப்பு.
புதன், சோற்றுப் பார்சல் நாற்பத்து மூன்று.
வியாழன் நாற்பத்து மூன்று.
வெள்ளியும் நாற்பத்து மூன்று,
பக்கத்தில் சிவப்பு மையில், சாய்ந்த எழுத்தில்:
'இரண்டு அதிகம். ஏன் வீண்செலவு?'
கீழே சுருக்கொப்பம். திகதி.
சனிக்கிழமை நாற்பத்தொன்று.

வாசித்து முடித்தேன்.
பவளராணி விரல் மடித்து எண்ணினா,
இரண்டாம் விரலில் நிறுத்திவிட்டா.
கொமடோர் தண்ணீர் கேட்டார்.
உடனே கொடுத்தார்கள், கண்ணாடிக் குவளையில்.

"இது உங்கள் கையெழுத்தா?"
"மாதிரித்தான் இருக்கிறது."
"கீழ்க் களஞ்சியம் இருந்ததே தெரியாது என்றீர்கள்."
நெடுநேரம் குவளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
பிறகு, களைத்துப்போய்,
"மம கணன் விதரய் பெலுவே."

பேச்சுச் சிங்களத்தில் வினைக்கு வால் இல்லை.
நான் பார்த்தாலும் நீ பார்த்தாலும் ஒரே சொல்.
தமிழில் அப்படித் தப்ப முடியாது,
ஆளை ஒட்டியே ஆகவேண்டும்.
"கணக்கை மட்டும்தான் பார்த்தேன்" என்றேன்.
மூன்று நாளில் முதல்தடவையாக
அவருடைய வினைமுற்றின் கடைசியில்
ஓர் ஏன்.
கொஞ்சம் அழுத்திச் சொல்லிவிட்டேனோ தெரியாது.
கொமடோர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.
தமிழ் விளங்கும் முகம் அது.

வழக்கு அடுத்த மாதத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.

படிக்கட்டில் ஒரு புள்ளிமான்
யாரோ சாப்பிட்டு எறிந்த லன்ச் ஷீற்றை மென்றுகொண்டு நின்றது.
எழுதுவினைஞர் கூப்பிட்டார்,
கையொப்பம் வைக்கவில்லையாம் நான்.

திரும்பிப் போய்
அவர் சொன்ன ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும்,
அறுபத்திரண்டு பக்கம்,
'மொழிபெயர்ப்புக்கு நானே பொறுப்பு' என்று எழுதி
முழுப் பெயரையும் வைத்தேன்.